சோறு வருமென்று நம்பும் மூளை

முத்துமாரியின் ஸ்கூட்டர் பின்சீட்டில் ஒரு பெரிய சதுரப் பை கட்டியிருக்கும். காலையில் நொச்சிக்குப்பத்து ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து அவள் கிளம்பினால், பொழுது சாய்கிற வரை ஊராருடைய சோறெல்லாம் அந்தப் பைக்குள் ஏறி இறங்கும். மந்தைவெளி பிரியாணி அடையாறுக்குப் போகும். லஸ் முனை வடைகறி தி.நகர் துணிக்கடைப் பெண்களுக்குப் போகும். பெசன்ட் நகர் பீட்சா மறுபடி மயிலாப்பூருக்கே வரும். பையை எவ்வளவு இறுக்கி மூடினாலும் வாசனை அடங்காது. சிக்னலில் வண்டி நிற்கும்போது முதுகுப் பக்கத்திலிருந்து நெய்யும் பொரித்த வெங்காயமும் கிளம்பி ஹெல்மெட்டுக்குள் வந்து தங்கிவிடும்.

அவள் வயிற்றுக்குள் போவது காலையில் ஒரு டம்ளர் டீ. அதற்கு அப்புறம் வீடு திரும்பிய பிறகுதான் சோறு. ஏன் என்று கேட்டால், நேரமில்லை என்பாள்.

கல்யாணமான புதிதில் அவள் லூப் ரோட்டில் மீன் விற்றாள். பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து, வஞ்சிரத்தின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே ஆளுக்காகக் காத்திருப்பது அவளுக்குச் சரிப்படவில்லை. கால் பரபரக்கும். பாதி வியாபாரத்தில் எழுந்து டீக்கடைக்குப் போவாள், பக்கத்துப் பலகைக்காரியின் எடைக்கல்லைச் சரிபார்க்கப் போவாள், கடலைப் பார்த்துவிட்டு வருவாள்.

"நீ குந்திக்கினு கீற அழகப் பாத்தா, செத்த மீனே எந்திரிச்சி ஓடிடும் மாரி" என்றான் புருஷன் டில்லிபாபு. அவன் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவன், அதிகம் பேசாதவன். அவன்தான் உணவு டெலிவரி வேலையைப் பற்றி விசாரித்து வந்து சொன்னான். ஓடிக்கொண்டே இருக்கிற வேலை என்று கேட்டதும் அவள் மறுநாளே சேர்ந்துவிட்டாள்.

போனில் ஆர்டர் விழுந்தால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். எவர்சில்வர் தட்டில் ஸ்பூன் பட்டதுபோல் இருக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் வண்டியைத் திருப்ப வேண்டும். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட ரோடுகளில், தகரத் தடுப்புகளுக்கு நடுவே சந்து தேடி நுழைய வேண்டும். குண்டிலும் குழியிலும் ஓட்டி இடுப்பு பிடித்துக்கொண்டது. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வலி மாத்திரை வாங்கினாள். வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டாள். இடுப்பு விட்டுக் கொடுத்தது. ஆனால் நெஞ்சுக்குழிக்குக் கீழே, யாரோ சூடான கரண்டியை வைத்து அழுத்துவதுபோல ஒரு வலி ஆரம்பித்தது.

"இன்னா மாரி, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

"ஒண்ணும் இல்லயா. கேஸு."

டில்லிபாபு சோடா வாங்கி வந்தான். ஏப்பம் வந்தது, வலி போகவில்லை. அவளோடு வண்டி ஓட்டுகிற அமீனா பீ, மீர்சாகிப்பேட்டைக்காரி, நாலைந்து வயது மூத்தவள், ரோஸ் நிறத் திரவ மருந்து ஒரு பாட்டில் கொடுத்தாள். முத்துமாரி அதைத் தண்ணீர் பாட்டில் வைக்கும் இடத்தில் செருகிக்கொண்டு, சிக்னலுக்குச் சிக்னல் ஒரு வாய் குடித்தாள். இப்படியே பல மாதம் போயிற்று.

மழைக்கு முந்தைய புழுக்கமான ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரம். கஸ்தூரிபா நகரில் ஓர் அடுக்கு மாடிக் கட்டடம். டெலிவரி ஆட்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று கீழேயே ஒட்டியிருந்தார்கள். பிரியாணிப் பொட்டலத்தோடு முத்துமாரி படியேறினாள். காலையிலிருந்தே கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாதிப் படியில் வாந்தி வந்தது. காபித்தூளைக் கரைத்து ஊற்றியதுபோல் கறுப்பாக. பொட்டலத்தைச் சுவரோரம் நகர்த்தி வைத்துவிட்டு அங்கேயே சரிந்துவிட்டாள்.

சாப்பாடு ஏன் இன்னும் வரவில்லை என்று பார்க்க மேலேயிருந்து இறங்கி வந்த பெண், அவளைக் கண்டதும் திரும்ப ஓடிப்போய்த் தண்ணீரும் துண்டும் எடுத்து வந்தாள். வாட்ச்மேன் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

"மேடம், பிரியாணி சிந்தல" என்றாள் முத்துமாரி. "எட்த்துக்கோங்க. நான் டெலிவர்டுன்னு போட்டுர்றேன்."

அரசாங்க ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். வாய்வழியாகக் குழாய் விட்டு, கேமராவில் பார்த்தபடியே இரத்தம் கசிந்த இடத்தில் ஒரு சின்ன கிளிப்பை மாட்டி அடைத்தார்கள். கடலிலிருந்து நேராக ஓடி வந்த டில்லிபாபு, உப்புத் தண்ணீர் காயாத சட்டையோடு, அவளுடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வார்டு வாசலில் நின்றான். உள்ளே விட்ட பிறகும் அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை அவனுக்கு.

சிகிச்சை செய்த டாக்டர் விஜயலக்ஷ்மி முத்துமாரியைவிட வயதில் சிறியவர். அன்று பேச்சைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

"இரைப்பை முடிஞ்சு குடல் ஆரம்பிக்கற இடத்துல புண்ணு. அதுக்கு அடியில ஒரு ரத்தக்குழாய் திறந்துக்கிச்சு. உங்க வயித்துல ஒரு கிருமி இருக்கு, அதுக்கு மாத்திரை தரேன். இடுப்பு வலி மாத்திரையை இனிமே கையாலகூடத் தொடக் கூடாது."

"டென்சன்தான் மேடம் காரணம். எல்லாரும் சொல்றாங்கோ."

"டென்ஷனை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. இப்ப படுங்க."

படுக்கத்தான் அவளுக்கு முடியவில்லை. மருந்து ஏறுகிற கையோடு எழுந்து ஜன்னலுக்குப் போனாள். நர்ஸ் இரண்டு முறை திட்டினாள்.

வீட்டுக்கு வந்து மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டாள். கிருமி போயிற்று. அடுத்த முறை குழாய் விட்டுப் பார்த்தபோது புண் ஆறி, வெறும் தழும்புதான் இருந்தது. அவள் மறுபடி வண்டியை எடுத்தாள். எடுத்த சில நாளிலேயே எரிச்சல் திரும்பி வந்துவிட்டது. இந்த முறை அதற்கு ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. போனில் 'டிங்' என்றதும் வரும். பிரியாணிக் கடை வாசலில் நின்றால் அதிகமாகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டில் யாரோ சாப்பாடு ஆர்டர் செய்திருந்தார்கள் போலிருக்கிறது. கொண்டு வந்த பையனின் போனில் அதே 'டிங்'. அவள் நெஞ்சுக்குழி சட்டென்று சூடாயிற்று.

மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"எனக்கு பைத்தியம் புட்ச்சிக்கிச்சா யா?" என்று டில்லிபாபுவிடம் கேட்டாள்.

அவன் யோசித்தான். "டாக்டரம்மாகிட்ட இத்த அப்டியே சொல்லு" என்றான்.

சொன்னாள். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். விஜயலக்ஷ்மி சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, சத்தம் கேட்டு எவ்வளவு நேரத்தில் எரிகிறது, வாயில் எச்சில் ஊறுகிறதா என்றெல்லாம் கேட்டார். பிறகு ஒரு பரிசோதனை செய்யலாம் என்றார். மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விடுவார்கள். அதில் ஒரு சென்சார் உணவுக்குழாயிலும் இன்னொன்று இரைப்பைக்குள்ளும் இருக்கும். வெளியே உள்ள முனை இடுப்பில் கட்டிய ஒரு சின்னப் பெட்டியோடு சேர்ந்திருக்கும். ஒரு முழு நாள் அந்தப் பெட்டி ஆசிட்டின் ஏற்ற இறக்கத்தைப் பதிந்துகொண்டே இருக்கும். எரிச்சல் வரும்போதெல்லாம் அவள் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரையை மட்டும் சில நாள் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும்.

"அன்னிக்கு லீவு போடணுமா மேடம்?"

"போடக் கூடாது. தினமும் என்ன பண்ணுவீங்களோ அதையே பண்ணுங்க. அப்பதான் எனக்குத் தெரியும்."

அப்படியாக முத்துமாரி மூக்கில் குழாயும் கன்னத்தில் பிளாஸ்திரியுமாகச் சென்னைத் தெருக்களில் இறங்கினாள். துப்பட்டாவைச் சுற்றி மறைக்கப் பார்த்தாள், மூச்சு முட்டியது, எடுத்துவிட்டாள். எச்சில் விழுங்கும்போதெல்லாம் தொண்டையில் ஒரு நூல் இழுபட்டது. மந்தைவெளிப் பிரியாணிக் கடையில் அப்போதுதான் தம் உடைத்தார்கள். மூடியைத் தூக்கியதும் ஆவி அவள் முகத்தில் வந்து மோதியது. வாய் நிறையத் தண்ணீர். கொஞ்ச நேரத்தில் உள்ளே அந்தச் சூடான கரண்டி. பட்டனை அழுத்தினாள்.

பொட்டலத்தை ஏற்றிக்கொண்டு அடையாறு பாலத்தில் போகும்போது ஒரு தண்ணி லாரி திடீரென்று இடது பக்கம் வெட்டியது. வண்டி வழுக்க, காலை ஊன்றி, எப்படியோ நின்றுவிட்டாள். லாரி போய்விட்டது.  வயிற்றுக்குள் ஏதோ கல்லாக இறுகி வலித்தது. அப்போதும் அழுத்தினாள்.

பாண்டி பஜார் துணிக்கடையில் சாப்பாட்டை வாங்கிக்கொள்ள வந்த பெண் பயந்துபோய்ப் பார்த்தாள். "இன்னாக்கா இது மூக்குல?"

"சார்ஜர்மா. மூளைக்கு ஏத்திக்கினு கீறேன்."

வழக்கப்படியே அன்றும் வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிட்டாள். குழாயோடு சோறு இறங்கவில்லை. ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

குழாயை எடுத்த பிறகு விஜயலக்ஷ்மி கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். ஏறி இறங்கி ஒரு கோடு ஓடியது. அறையில் பயிற்சி டாக்டர்கள் மூன்று பேர் நின்றார்கள். மூவரும் ஆண்கள்.

"இது வயித்துக்குள்ள இருந்த சென்சாரோட கோடு. கோடு கீழ இறங்கினா ஆசிட் ஏறுதுன்னு அர்த்தம். இங்க பட்டன் அழுத்தியிருக்கீங்க. என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"அது பிரியாணி கடை மேடம்."

"அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே கோடு இறங்க ஆரம்பிச்சிருக்கு பாருங்க. இங்க?"

"அங்க டிங்குன்னுச்சு. அவ்ளோதான். கடைக்கே போவல இன்னும்."

"அதேதான். நீங்க ஒரு பருக்கை சாப்பிடல. ஆனா சாப்பாடு வரப்போகுதுன்னு உங்க மூளை முடிவு பண்ணிடுச்சு." டாக்டர் தன் பிடரியைத் தொட்டுக் காட்டினார். "இங்க, மண்டை முடிஞ்சு கழுத்து ஆரம்பிக்கற இடத்துல மூளையோட தண்டு இருக்கு. வாசனையோ அந்தச் சத்தமோ மூளைக்குப் போனதும், இங்க சில நரம்பு செல்லுங்க பெப்டைடுன்னு ஒண்ணைக் கசிய விடும். பெப்டைடுன்னா ரொம்பப் பொடிசான புரதத் துணுக்கு. அதுல ஒண்ணுக்கு டிஆர்ஹெச்னு பேரு. அது வேகஸ்னு ஒரு நரம்பைத் தட்டி எழுப்பும். அந்த நரம்பு கழுத்து வழியா இறங்கி வயித்துக்கு வந்து, சோறு வருது, ஆசிட்டைத் திறன்னு சொல்லும்."

"சோறு வரலியே."

"அது மூளைக்குத் தெரியாதே. இதையெல்லாம் முக்கால்வாசி எலி, பூனைங்களை வெச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. மனுஷங்களுக்கும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கணும்னு நினைக்கறோம். சாப்பாட்டை மென்னுட்டு முழுங்காம துப்பிடுங்கன்னு ஆளுங்களை வெச்சுப் பார்த்திருக்காங்க. அதுக்கே வயித்துல ஆசிட் ஏறிடுது."

"துப்பச் சொன்னாங்களா?" முத்துமாரிக்கு அது பொறுக்கவில்லை. "பாவம் மேடம் அவுங்க."

பிறகு டாக்டர் திரையில் வேறோர் இடத்தைக் காட்டினார். "இது என்ன? ரொம்ப அழுத்தமா அழுத்தியிருக்கீங்க."

"தண்ணி லாரி. அட்ச்சிட்டுப் போயிருப்பான். அப்பதான் ரொம்ப வலி."

"ஆனா அங்க ஆசிட் ஏறவே இல்ல. கோடு கொஞ்சம் மேலதான் போயிருக்கு."

முத்துமாரியின் முகம் மாறியது. "அப்ப நான் பொய் சொல்றேன்றீங்களா?"

"இல்ல, வலி நிஜம். பயந்தா மூளை வேற ஒரு பெப்டைடை விடும், சிஆர்எஃப்னு. உயிருக்கு ஓடற நேரத்துல செரிக்க வேண்டாம்னு அது ஆசிட்டைக் குறைக்கும், வயித்தோட அசைவையும் நிறுத்தி வைக்கும். அடுப்பை சிம்ல வைக்கற மாதிரின்னு வெச்சுக்குங்க. டிஆர்ஹெச் ஏத்தும், இது இறக்கும். இன்னும் நாலஞ்சு பெப்டைடு இருக்கு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும். ஆனா உங்க வயித்து நரம்பு பல மாசமா வெந்து கிடந்தது. அது இப்ப லேசா இறுகினாலே வலின்னு கத்துது. ஒரு நாள் கோட்டைப் பார்த்து நான் எல்லாத்தையும் அடிச்சுச் சொல்லிட முடியாது. எனக்குத் தோணறதைச் சொல்றேன்."

"அப்போ தப்பு வயித்து மேல இல்ல. மூளை மேல."

"யார் மேலயும் தப்பு இல்ல. சோறு வருதுன்னு அது நம்புது."

"வர்லன்னா?"

"அடுத்த டிங்குக்கு மறுபடியும் நம்பும்."

முத்துமாரி நாற்காலி நுனியில் ஆடிக்கொண்டிருந்த காலை நிறுத்தினாள். யாரிடமும் சொல்லத் தெரியாத ஒரு பரிதாபம் அவளுக்கு வந்தது, தன் மேல் அல்ல, உள்ளே உட்கார்ந்து தினமும் ஏமாந்துகொண்டிருந்த அந்த ஒன்றின் மேல்.

"சரி, நடுவுல ஏன் சாப்பிட மாட்டேங்கறீங்க?" என்றார் டாக்டர். "கை நிறையச் சோறு தூக்கிட்டுப் போறீங்க. பத்து நிமிஷம் ஒதுக்க முடியாதா?"

 அவள் கண் பயிற்சி டாக்டர்கள் பக்கம் போய் வந்தது. விஜயலக்ஷ்மி கவனித்தார். அவர்களை அடுத்த நோயாளியின் ஸ்கேனை எடுத்துவரச் சொல்லி அனுப்பினார்.

"சாப்ட்டா தண்ணி குடிக்கணும்" என்றாள் முத்துமாரி. "தண்ணி குட்ச்சா எங்க மேடம் போறது? ஆம்பளைங்க எங்கியாவது ஒதுங்கிடுவானுங்க. ஓட்டல்ல கேட்டா கஸ்டமருக்கு மட்டும்னு சொல்லுவான். வீட்டு வாசல்ல கேட்டா கதவ சாத்திடுவாங்கோ. அதான் நானும் அமீனாக்காவும் ஒண்ணும் வாய்ல வெக்கறதில்ல. வீட்டுக்குப் போய்தான் எல்லாம்."

 விஜயலக்ஷ்மி ஆசிட்டைக் குறைக்க மாத்திரை எழுதினார். நரம்பின் கூச்சலைத் தணிக்க இன்னொரு சின்ன மாத்திரை எழுதினார். "நீங்க சொன்னதுக்கு என்கிட்ட மாத்திரை இல்ல முத்துமாரி" என்றார்.

அன்று சாயங்காலம் அவள் அமீனா பீயை லஸ் பக்கம் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். பெப்டைடு என்ற பேர் அவள் வாயில் பெட்டிட்டு என்று வந்தது. அமீனா பீ முழுக்கக் கேட்டாள். "எனக்கும் அப்டித்தான்டி எரியுது" என்றாள் கடைசியில். "வெளிய சொல்லல. நோம்பு நாள்ல எரியல பாத்துக்கோ. அன்னிக்கு சோறு வராதுன்னு மனசுக்கே தெரியும் போல."

மறுநாள் மதியம், பாண்டி பஜாரை ஒட்டிய தெருவில் ஒரு சைவ ஓட்டல். அதன் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில்தான் டெலிவரி ஆட்கள் நிற்பது வழக்கம். முத்துமாரி முன்வாசலுக்குப் போனாள். செக்யூரிட்டி கையை நீட்டித் தடுத்தார்.

"பார்சல் பின்னாடிம்மா."

"பார்சல் இல்ல. சாப்ட வந்தேன்."

கம்பெனி டீஷர்ட்டோடு ஏசி ஹாலுக்குள் நடந்து ஒரு மேஜையில் உட்கார்ந்தாள். சர்வர் தண்ணீர் வைத்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டாள். சாப்பாடு வருவதற்குள் போன் 'டிங்' என்றது. வயிறு திறந்துகொள்வது அவளுக்குத் தெரிந்தது. ஆர்டரைத் தள்ளிவிட்டாள். இலையில் சாம்பாரும் கூட்டும் விழுந்தன. அவசர அவசரமாகத்தான் சாப்பிட்டாள், மெதுவாகச் சாப்பிட அவளுக்கு வராது. போன் இன்னும் இரண்டு தரம் அடித்தது. கை கழுவி, பாத்ரூமுக்குப் போய்விட்டு வெளியே வந்தபோது மேனேஜர் ஸ்ரீவத்சன் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க ரைடர்தானே? பின்னாடிதான் உங்களுக்கு."

"பின்னாடி பாத்ரூம் இல்ல சார்."

"அதுக்காக இங்க வந்து சாப்பிடணுமா?"

"கஸ்டமருக்குத்தான் பாத்ரூம்னு போன மாசம் நீங்கதான் சொன்னீங்கோ. இப்ப நான் கஸ்டமர். தெனம் வருவேன். அமீனாக்காவும் வரும். இன்னும் ரெண்டு மூணு பொம்பளைங்க கீறாங்க."

அவர் ஹாலைத் திரும்பிப் பார்த்தார். உட்கார இடமில்லாமல் ஒரு குடும்பம் காத்திருந்தது. அவர் கெட்ட மனிதர் அல்ல. இந்த விஷயத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே அதுவரை அவருக்கு வந்ததில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஸ்டாஃப் பாத்ரூம் ஒண்ணு இருக்கு, கிச்சனுக்குப் பக்கத்துல. லேடீஸ் யூஸ் பண்ணிக்குங்க. போர்டெல்லாம் வைக்க மாட்டேன்."

"போர்டு வேணாம் சார். செக்யூரிட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ."

சொன்னார். அதிலிருந்து முத்துமாரி டில்லிபாபு கட்டிக் கொடுக்கும் சோற்றை எடுத்துவருகிறாள். கடலிலிருந்து வந்ததும் அவனே வடித்து, முந்தின நாள் மீன் குழம்பை ஊற்றி, டப்பாவை இறுக்க மூடி வண்டியில் வைத்துவிடுகிறான். மதியக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே, ஓட்டலின் பின்பக்கத்தில் வண்டிமேல் சாய்ந்தபடி அவளும் அமீனா பீயும் சாப்பிடுகிறார்கள். விட்டுவிட்ட ஆர்டர்களால் அவளுடைய ரேட்டிங் இறங்கியது. அதை நினைத்தால் இன்னமும் அவளுக்குக் கை பரபரக்கிறது.

எரிச்சல் பெருமளவு குறைந்துவிட்டது, முழுக்கப் போகவில்லை. சாப்பிட்ட வயிற்றில் 'டிங்' சத்தம் முன்போல் பற்றிக்கொள்வதில்லை. ஆனால் லாரி உரசினாலோ, வாடிக்கையாளர் போனில் கத்தினாலோ உள்ளே அந்தக் கல் இறுகத்தான் செய்கிறது. அந்தச் சின்ன மாத்திரையைச் சில நாள் போடுகிறாள், சில நாள் மறந்துவிடுகிறாள். விஜயலக்ஷ்மி கேட்கும்போது பொய் சொல்வதில்லை.

அடையாறில் இன்னும் பாத்ரூமுக்கு இடம் கிடைக்கவில்லை. அங்கே ஒரு பெரிய ஓட்டலில் இருவரும் இரண்டு தரம் போய்க் கேட்டுப் பார்த்தார்கள். இரண்டாவது தரம் மேனேஜர் குரலை உயர்த்திவிட்டார். வெளியே வந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே அமீனா பீ சொன்னாள்:

"இன்னொரு வாட்டி வந்தா போலீஸக் கூப்புடுவேன்றான் மாரி."

"கூப்புடட்டும்கா. போலீசுலயும் பொம்பளைங்க கீறாங்க. அவுங்களுக்கும்தான் பாத்ரூம் வேணும்."

அமீனா பீக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முத்துமாரி சிரிக்கவில்லை. அவள் சும்மா சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை எந்த வேளையில் வந்தால் முதலாளியே கல்லாவில் இருப்பார் என்று வாசலில் இருந்த பூக்காரியிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.